மஞ்சள் கார், மச்சான், பன்னிரண்டு திருப்பங்கள்

சென்னைக்குள் ஒரு கார் என்ன வேகத்தில் போகலாம்? போலீஸ் கணக்கு ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் அறிவித்தார்கள். காருக்கு 60 கிலோமீட்டர், டூவீலருக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் யாராக இருந்தாலும் 30. இதைப் படித்துவிட்டு தி.நகர்க்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. பனகல் பார்க்கிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை சாயங்காலம் ஆறு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் காரை ஓட்டிக் காட்டினால், ரங்கநாதன் தெரு முனையில் அவருக்குச் சிலையே வைக்கலாம். (சிலையைச் சுற்றி டிராஃபிக் ஜாம் ஆகும் என்பது வேறு விஷயம்.)

இப்பேர்ப்பட்ட ஊரில் என் மச்சான் ஒரு கார் வாங்கினான். அதன் அதிகபட்ச வேகம் மணிக்கு 275 கிலோமீட்டர்!

போர்ஷே 718 கேமன். மஞ்சள் நிறம். செகண்ட் ஹாண்ட்தான். ஆனால், 2017ல் இந்தியாவுக்கு வந்தபோதே எண்பது லட்சத்தைத் தாண்டிய கார் அது. செகண்ட் ஹாண்ட் என்று சொல்லிவிட்டால் விலை குறைந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்கு எங்கள் வீட்டில் யாரும் அப்பாவி இல்லை. மச்சானுக்கு ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் உத்தியோகம். அடையாறு காந்தி நகரில் வாடகை ஃபிளாட். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துவிட்டு வாடா என்று அனுப்பினால், கார் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்று என் மாமனார் மூன்று முறை வலம் வந்தார்.

"எத்தனை பேர் உக்காரலாம்டா?"

"ரெண்டு பேர்ப்பா."

"ரெண்டு பேர் போறதுக்கு ஸ்கூட்டர் போதாதா?" என்றவர், முன்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். உள்ளே காலி. அது டிக்கியாம். பின்பக்கம் திறந்தார்கள். அங்கேயும் ஒரு டிக்கி. மாமனார் முகம் வெளுத்துவிட்டது. "இன்ஜினே வெக்காம இவ்ளோ பணம் வாங்கிட்டானா?"

இன்ஜின் இருக்கிறது. சீட்டுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல், கர்ப்பகிரகத்தில் மூலவர் மாதிரி. நாலு சிலிண்டர், டர்போ, 300 குதிரை. பெரியவர் விடவில்லை. "மைலேஜ்?" என்றார். மச்சான் சட்டென்று கபாலி கோயில் தெப்பம் எப்போது என்று பேச்சை மாற்றினான்.

அன்று ராத்திரி என் மனைவி என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க... ரேஸ் டிராக்ல மட்டும்தான் வேகமா ஓட்டுவேன்னு தம்பி சத்தியம் பண்றான். எனக்கு நம்பிக்கை இல்ல. ராத்திரியில ஈ.சி.ஆர். பக்கம் தூக்கிட்டுப் போறானோன்னு அடிவயிறு கலங்குது. நீங்க ஒரு தடவை கூடப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

அவளுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன். ஆக, நுங்கம்பாக்கத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிற நான், 2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உளவாளி உத்தியோகமும் பார்க்கக் கிளம்பினேன்.

காலை ஐந்து மணி. மாட வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இந்தக் காரில் ஏறுவது என்று சொல்லக்கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் தலையை உள்ளே விட்டு, அப்புறம் உட்காரும் பாகத்தைக் கீழே போட்டு, கடைசியாகக் கால்களைப் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்த பிறகு பார்த்தால் பால்காரரின் சைக்கிள் பெடல் என் காது உயரத்தில் இருந்தது.

மச்சான் ஓட்டியதைச் சொல்ல வேண்டும். லஸ்ஸில் மெட்ரோவுக்காக அடைத்து வைத்திருந்த தகரத்துக்கும் எதிரே வந்த தண்ணீர் லாரிக்கும் நடுவில், கல்யாண வீட்டில் பாயசம் தூக்கிப் போகிறவன் மாதிரி போனான். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரையும் குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கினான். நேராக ஏறினால் அடிவயிறு உரசுமாம். நந்தனம் சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஆட்டோக்காரர் எட்டிக் குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், வண்டி இவ்ளோ குள்ளமா கீது? நாலு டயரும் பஞ்சரா?"

சைதாப்பேட்டை, கிண்டி, கத்திப்பாரா தாண்டி பூந்தமல்லி ரோட்டில் விழுந்தோம். இங்கேதான் நான் என் ஆபீஸ் புத்தியைக் காட்டினேன்.

"மாப்ள, ஒண்ணு தெரியுமா? தனியார் கார் பாலிசியில வண்டியை எதுக்கெல்லாம் பயன்படுத்தக் கூடாதுன்னு ஒரு லிஸ்ட் இருக்கு. வாடகை, சரக்கு ஏத்தறது, அப்புறம் ரேஸ், வேகப் பரிசோதனை. டிராக்ல ஒரு கீறல் விழுந்தாலும் கம்பெனி சல்லிக் காசு தராது."

"தெரியும் மாமா. அதனாலதான் ஒவ்வொரு திருப்பத்துலயும் இ.எம்.ஐ.யை நெனச்சுக்குவேன். அதைவிடப் பெரிய பிரேக் எதுவும் கிடையாது."

பையன் புத்திசாலிதான்.

* * *

மெட்ராஸ்காரனுக்குக் கார் ரேஸ் புதுசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் ஆரம்பித்தது. ஊருக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சும்மா கிடந்தது. விமானம் ஓடாத இடத்தில் காராவது ஓடட்டுமே என்று ரேஸ் விட ஆரம்பித்தார்கள். ராஜாக்கள் வந்தார்கள். கோயமுத்தூர் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எண்பதுகளின் ஆரம்பத்தில் விஜய் மல்லையா 'என்சைன்' என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். (அதற்கப்புறம் அவர் வேறு பல விஷயங்களிலும் வேகமாகப் போனது உங்களுக்குத் தெரியும்.)

எங்கப்பா கவர்ன்மென்ட் ஆபீஸ் கிளார்க். மார்கழியில் சபா கேன்டீன், அதற்கு அடுத்தபடியாகச் சோழவரம். வருஷத்தில் அவருக்கு இருந்த இரண்டே ஊதாரித்தனம் இவைதான். பாரிமுனையில் பஸ் ஏறி, கையில் புளியோதரைப் பொட்டலத்தோடு போவார். வெயிலில் நின்று நின்று கழுத்து கறுத்து வருவார். ராத்திரி சாப்பிடும்போது வாயாலேயே ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு சத்தம் போட்டுக் காட்டுவார். அம்மா, "சாதம் தெறிக்குது" என்பாள். கார் ஓட்டவே தெரியாமல் ரிடையரான மனுஷர், ஃபியட்டுக்கும் ஹெரால்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் சொல்வார்.

சோழவரம் முடிந்து, 1990ல் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பே சொந்தமாக ஒரு டிராக் கட்டித் திறந்தது. இந்தக் காலகட்டத்தில் ஒரு மனுஷரைச் சொல்லாமல் போனால் பாவம். கோயமுத்தூர் கரிவரதன். மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை சீட் ரேஸ் கார் செய்து, 'ஃபார்முலா மாருதி' என்று ஒரு பிரிவையே உண்டாக்கினார். கோடீஸ்வரன் மட்டுமே எட்டிப் பார்க்க முடிந்த விளையாட்டைக் கொஞ்சமாவது கீழே இறக்கினவர் அவர். 1995ல் ஒரு சிறு விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் ஊர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஏறிய முதல் இந்தியரானார். அந்த வருஷம் அமெரிக்க ரேஸில் டயர் தகராறில் பதினாலு கார்கள் ஒதுங்கிக்கொள்ள, மிச்சம் ஓடிய ஆறு கார்களில் நாலாவதாக வந்து ஐந்து பாயிண்ட் வாங்கினார். "ஆறு பேர்ல நாலாவதா?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அந்த ஆறு பேரில் ஒருவராக இருக்க என்ன பாடு படவேண்டும் என்பது கிண்டல் செய்தவர்களுக்குத் தெரியாது. 2010ல் நம்ம சென்னைப் பையன் கருண் சாந்தோக்கும் போனார். நடிகர் அஜித் அதே 2010ல் ஃபார்முலா டூ ஓட்டினார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது, சென்னையில் டீக்கடைதோறும் டயர், பிட் ஸ்டாப் என்று பேசினார்கள். அதற்கு முன்பு 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியாக ராத்திரியில் ஃபார்முலா 4 ஓட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? என் ஆபீஸ் நண்பர் ஒருவர் டிக்கெட் வாங்கிப் போய்விட்டு வந்து, கார்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அண்ணா சாலையில ஒரு பள்ளம் கூட இல்லப்பா!" என்பதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

* * *

நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் கடந்து இருங்காட்டுக்கோட்டை. இந்தப் பக்கம் ஹூண்டாய் தொழிற்சாலை. 1998ல் சான்ட்ரோ வெளியே வந்தது இங்கிருந்துதான். குடும்பஸ்தன் கார் செய்கிற அதே ஊரில்தான் குடும்பத்தை மறந்து ஓட்டுகிற டிராக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். எல்லா மார்க்கத்துக்கும் அந்த ரோட்டில் வழி இருக்கிறது.

மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று இப்போது பெயர். நீளம் 3.717 கிலோமீட்டர். பன்னிரண்டு திருப்பங்கள். 2016-17 பருவத்தில் மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் போட்டியில் ஓட்டிய இடம். (எம்.ஆர்.எஃப். என்றால் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி!)

நான் எதிர்பார்த்தது வேறு. பணக்காரப் பிள்ளைகள், கறுப்புக் கண்ணாடி, சத்தமாகப் பாட்டு. அங்கே இருந்தது என்னவென்றால், ஒரு இருபத்தைந்து கார்கள். அதில் பாதி ஸ்விஃப்டும் போலோவும். ஓட்டுகிறவர்களில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் கல்லூரி லெக்சரர், ஒருவர் தாம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். எல்லாரும் காலை ஆறரைக்கே டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடினால் டயர் சூடாகி உள்ளே காற்று அழுத்தம் ஏறிவிடும் என்பதால் முதலிலேயே கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டுமாம். நம்ம பெட்ரோல் பங்க்கில், "அண்ணே, ஒரு அஞ்சு சேர்த்தே அடிங்க" என்று சொல்வோமே, அதற்கு நேர் எதிர்.

முதலில் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். என் உயிருக்கும் உடைமைக்கும் நானே பொறுப்பு என்று அர்த்தம். எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். பின்னால் வரிசை நின்றது. "சார், இதுவரைக்கும் யாரும் இதைப் படிச்சதில்ல சார்" என்றார் மேஜைக்காரப் பையன். தொழில் தம்பி, என்ன செய்ய!

அடுத்தது வண்டிப் பரிசோதனை. பிரேக் பார்த்தார்கள், டயர் பார்த்தார்கள், பேட்டரியை ஆட்டிப் பார்த்தார்கள். காருக்குள் ஒட்டாத பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது விதி. தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை எல்லாம் வெளியே. மச்சானின் டாஷ்போர்டில் மாமியார் வைத்த பிள்ளையார் இருந்தார். பரிசோதகர் விரலால் லேசாகத் தட்டினார். பிள்ளையார் ஆடினார்.

"சார், இவரை எடுத்துடுங்க. பிரேக் அடிச்சா இவர்தான் முதல்ல மூஞ்சிக்கு வருவார்."

மச்சான் பிள்ளையாரைக் கைக்குட்டையில் சுற்றி என் பையில் வைத்தான். இப்படியாகத் துணைக்கு இருந்த ஒரே ஆளும் போனார்.

பிறகு வகுப்பு. மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், மெதுவாகத் திரும்பி வா. நீலம் என்றால் பின்னால் உன்னைவிட வேகமான ஆள் வருகிறான், வழி விடு. கறுப்புக் கொடியை உன்னைப் பார்த்துக் காட்டினால், வா, உன்னிடம் பேச வேண்டும். நேர்ப் பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவன் கை காட்டி அனுமதித்த பிறகு. இது போட்டி இல்லை, பரிசு கிடையாது, யார் முதல் என்று கேட்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார்கள். நான் நம்ம ஊர் ரோட்டை நினைத்துக்கொண்டேன். பின்னால் வருகிறவனுக்கு வழி விட்டு, கையும் காட்டுகிற மனுஷனை லைசென்ஸ் வாங்கி இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

முதல் சுற்றில் மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். ஹெல்மெட், சீட் பெல்ட். மாட வீதியில் பாயசம் தூக்கிப் போனவன் இவன்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. முதுகில் யாரோ ஓங்கி அறைந்த மாதிரி கார் கிளம்பியது. திருப்பம் வந்தது. அவன் பிரேக் போடவில்லை. இப்போது போடுவான் என்று நினைத்தேன், போடவில்லை. கபாலீஸ்வரா என்று நான் சொல்லி முடித்த பிறகு போட்டான். என் குடல் முன் கண்ணாடி வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. ஆனால் ஒன்று. அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். பரீட்சை எழுதுகிறவன் முகம் அது. துளி சிரிப்பு இல்லை, வெறி இல்லை. இரண்டு திருப்பத்துக்கு அப்பால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சுற்று 2 நிமிடம் 8 விநாடி. சராசரி 104 கிலோமீட்டர் வேகம் சொச்சம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறதல்லவா? பன்னிரண்டு திருப்பங்களையும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி.

"மாமா, அடுத்த செஷன் நீங்க ஓட்டுங்க" என்று சாவியை நீட்டினான்.

"உங்க அக்கா என்னைப் பாத்துட்டு வரத்தான் அனுப்பினா."

"பக்கத்துல உக்காந்து எவ்ளோ பாப்பீங்க? இங்க உக்காந்து பாருங்க."

எனக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் ஏறினார். இருபத்துநாலு, இருபத்தைந்து வயசுதான் இருக்கும். என் உத்தியோகத்தை விசாரித்துக்கொண்டார். "சார், ஒண்ணே ஒண்ணு புரிஞ்சுக்குங்க. டயரோட பிடிப்புங்கறது உங்க மாசச் சம்பளம் மாதிரி. மொத்தம் இவ்வளவுதான். பிரேக்குக்கு முழுசா செலவு பண்ணிட்டீங்கன்னா திரும்பறதுக்குப் பைசா இருக்காது. அதனால நேரா போறப்போ பிரேக்கை முடிச்சுடுங்க. கொஞ்சம் கொஞ்சமா பிரேக்கை விட்டுக்கிட்டே அந்தக் காசை ஸ்டீயரிங்குக்குக் குடுங்க. வெளிய வர்றப்போ மிச்சத்தை ஆக்ஸிலேட்டருக்குக் குடுங்க." பள்ளிக்கூடத்தில் பௌதிகம் இப்படி நடத்தியிருந்தால் நான் என்றோ விஞ்ஞானி.

இன்னொன்றும் சொன்னார். இன்ஜின் நடுவில் இருப்பதால் இந்த வண்டி சட்டென்று திரும்பும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புவதற்கும், கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம் அது. "ஆனா, திருப்பத்துக்கு நடுவுல பயந்துபோய்க் காலை சடார்னு எடுத்துடாதீங்க. எடை முன்னாடி போயிடும், பின் டயர் லேசாயிடும், வண்டி திரும்பி உங்களையே பாக்கும்."

கிளம்பினேன். திருப்பத்துக்குத் திருப்பம் ஆரஞ்சுக் கூம்பு வைத்திருந்தார்கள். இந்தக் கூம்பில் பிரேக், அடுத்ததில் ஸ்டீயரிங், உள்பக்கக் கூம்பை உரசுகிற மாதிரி போய், வெளிப்பக்கக் கூம்பை நோக்கி வண்டியை விட்டுவிட வேண்டும். வெளி, உள், வெளி. வளைவை முடிந்தவரை நேராக்குவதுதான் சூட்சுமம். எந்தக் கூம்பையும் நேராகப் பார்க்கக் கூடாது, அதற்கு அடுத்ததைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ கை அங்கே போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன் பள்ளத்தில் விழுவது இதனால்தான்.

முதல் சுற்று 2 நிமிடம் 40. நீலக் கொடி எனக்காகவே தைத்த மாதிரி ஒவ்வொரு முனையிலும் ஆடியது. ஸ்விஃப்டுகள் முந்தின. பல் டாக்டர் முந்தினார். நான் எல்லாருக்கும் பெருந்தன்மையாகக் கை காட்டினேன். மூன்றாவது சுற்றில் ஏதோ ஒன்று மாறியது. நேர்ப் பாதையில் முள் 150ஐத் தொட்டது. காருக்குள் இன்ஜின் முதுகெலும்பை ஒட்டிக் கத்துகிறது. "இப்ப சார், அழுத்துங்க, இன்னும், இன்னும்!" பிரேக்கை மிதித்தேன். என் காரில் நான் இப்படி மிதித்ததே இல்லை. பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. கார் ஒரு நூல் பிசகாமல் நேராக நின்று வேகம் குறைந்தது. திருப்பினேன். உடம்பு ஒரு பக்கம், சட்டைப்பை பேனா ஒரு பக்கம். உள்கூம்பு கடந்தது, காலை மெதுவாக அழுத்தினேன், வெளிக்கூம்பு தானாக வந்து சேர்ந்தது. பயிற்சியாளர், "ஆங், அதான்" என்றார். ஆபீஸில் இருபது வருஷமாக எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஹவுசிங் லோன், பையனின் டியூஷன், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, மேனேஜர் முகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தியான வகுப்பில் பணம் கட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்தபோதும் இது நடக்கவில்லை. கடைசிச் சுற்று 2 நிமிடம் 22. யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொள்கிறேன்.

முடித்தவுடன் நிறுத்தக் கூடாதாம். ஒரு சுற்று பிரேக்கையே தொடாமல் மெதுவாகப் போய் வண்டியை ஆறவிட வேண்டும். நிறுத்திய பிறகும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தார்கள். கிட்டப் போனால் பிரேக் தட்டிலிருந்து அடுப்பு அனல். வேகம் இரண்டு மடங்கானால் அதை நிறுத்தத் தேவையான சக்தி நாலு மடங்கு. அத்தனையும் சூடாகி அந்த நாலு தட்டிலும்தான் இறங்குகிறது. பிரேக் ஆயில் பழசாக இருந்தால் அதில் ஏறின ஈரம் கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வருஷக்கணக்கில் பிரேக் ஆயில் மாற்றாமல் கொடைக்கானல் மலை இறங்குகிற நம்ம ஆட்களை நினைத்துக் கொஞ்சம் வேர்த்தது.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு வெள்ளை போலோ திருப்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி மண்ணுக்குள் போய் நின்றது. சிவப்புக் கொடி. ஒரு நிமிஷத்துக்குள் ஆட்கள், இழுவை வண்டி, ஆம்புலன்ஸ். ஓட்டியவர் இறங்கி, தலைமுடியில் மண்ணோடு, முதலில் பம்பரைத்தான் தடவிப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எப்போதும் அப்படி இல்லை. 2023 ஜனவரியில் இதே டிராக்கில் கே.ஈ.குமார் என்ற 59 வயது அனுபவசாலி தேசியப் போட்டியில் மோதி இறந்துபோனார். அதே வருஷம் ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வந்த 13 வயது பைக் ரேஸ் பையன். ஆம்புலன்ஸ், டாக்டர், ஹெல்மெட், வேலி எல்லாம் இருக்கிற இடத்திலேயே.

மச்சான் போலோவை இழுத்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நானாகக் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

"மாமா, அவன் செத்த அன்னிக்கு நானும் போயிருக்கணும்."

மூன்று வருஷத்துக்கு முந்திய கதை. அவனோடு ஒரே பெஞ்சில் படித்த பையன். ராத்திரி ஒரு மணி, ஈ.சி.ஆர்., புது பைக், பந்தயம். குறுக்கே ஒரு மாடு. மச்சானுக்கு அன்று ஜுரம், அதனால் போகவில்லை. காலையில் அந்தப் பையனின் அம்மா இவனுக்குத்தான் முதலில் போன் செய்தார். என் மனைவி போனை வாங்கிப் பேசினாள். அன்றிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் தம்பி போனை எடுக்கவில்லையென்றால் அவளுக்குத் தூக்கம் கிடையாது.

"இங்கயும் கார் வேகமாத்தான் போகுது. ஆனா, குறுக்க மாடு வராது, மாமா. லாரி எதிர்ல வராது. கொடி புடிச்சுக்கிட்டு ஒருத்தன் எனக்காக வெயில்ல நிக்கிறான். அவனை இங்க ஒரு தடவை கூட்டிட்டு வந்திருக்கலாம். அப்போ எனக்கு இப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியாது. எங்க காலேஜ்ல ஒருத்தனுக்கும் தெரியாது."

நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், முப்பத்தைந்து வருஷமாக இருக்கிற இடம்.

அதற்கப்புறம் அவன் இரண்டு செஷன் ஓட்டினான். நான் நிழலில் நின்று விநாடி பார்த்துச் சொன்னேன். மதியத்துக்குள் டயர் ஓரம் தேய்ந்திருந்தது. ஒரு டேங்க் பெட்ரோல் போயிருந்தது. மாமனார் கேட்ட மைலேஜ் கேள்விக்கு அவன் ஏன் தெப்பத்துக்குத் தாவினான் என்று புரிந்தது.

திரும்பும்போது பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கடியில் முக்கால் மணி நேரம். 300 குதிரையும் முதல் கியரில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. ஒரு மாநகரப் பஸ் எங்களை இடதுபக்கமாக முந்தியது. ஒரு ஷேர் ஆட்டோவும் முந்தியது. மச்சான் ஹாரன்கூட அடிக்கவில்லை. கிண்டியில் இரண்டு பையன்கள் பைக்கில் பக்கத்தில் வந்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கி, "அண்ணா, ஒரு ஆட்டம் பாக்கலாமா?" என்றார்கள். ஹெல்மெட் இல்லை. மச்சான் கண்ணாடியை இறக்கினான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன்.

"அடுத்த மாசம் இருங்காட்டுக்கோட்டையில பைக் டிராக் டே இருக்கு. வர்றியா? நம்பர் சொல்லு."

சிக்னல் விழும் முன் ஒருவன் நம்பர் சொன்னான். இன்னொருவன், "போர்ஷே வெச்சுக்கிட்டு இவ்ளோ சாதுவா இருக்காரே" என்று ஏமாற்றத்தோடு போனான்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "என்னங்க, எப்படி ஓட்டறான்?" நான் உளவு அறிக்கை கொடுத்தேன். தெருவில் எப்படி ஓட்டினான், டிராக்கில் எப்படி ஓட்டினான், கிண்டியில் என்ன நடந்தது என்று வரிசையாக. ஈ.சி.ஆர். கதையை அவன் எடுத்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்துப் பிள்ளையாரை வெளியே எடுத்தாள். மூட்டையாகக் கட்டியதற்கு இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது.

சாயங்காலம் பயிற்சியாளருக்குப் போன் போட்டேன். பத்து வயசான என் ஸ்விஃப்டைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். "தாராளமா சார். புது பிரேக் ஆயில் ஊத்திட்டு வாங்க. பேட்டரி நல்லா இறுக்கமா இருக்கணும். அப்புறம் அந்த பாரம் இருக்கில்ல, அதை முன்கூட்டியே உங்களுக்கு அனுப்பிடறேன். வீட்டுலயே படிச்சுட்டு வந்துடுங்க."